நட்டில் போட்ட மஞ்சள் கோடு

இந்த வயதிலும் எனக்குக் கை நடுங்குவதில்லை. நேற்று தேநீர் கொடுத்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். கோப்பை விளிம்புவரை நிரம்பியிருந்தது, தட்டில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அது தொழிலில் வந்த பழக்கம். வண்டிகளுக்கு எழுத்து எழுதுவதும் பெட்ரோல் டாங்கில் அலங்காரக் கோடு இழுப்பதும் என் வேலை. கோடு இழுக்கும்போது மூச்சை உள்ளே பிடித்துக்கொள்ள வேண்டும். பாதியில் விட்டால் கோடு நெளியும். நெளிந்த கோட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டுமே தவிர, மேலே பூசி மெழுகக் கூடாது.

என் மகன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கர நட்டை யார் இறுக்கியது என்று கேட்டீர்கள். லேத்துதான் இறுக்கினான். லேத்துப் பட்டறை வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். என் மகனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நன்றாகத்தான் இறுக்கினேன் என்று அவன் உங்களிடம் சொன்னது பொய் இல்லை. இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்துவிட்டீர்கள். பட்டறையை மூடிவிட்டு வீட்டில் படுத்திருக்கிறானாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நல்ல பையன். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்காது.

அந்த வண்டியை என் மகன் மூன்று வருடங்களுக்கு முன் பழையதாக வாங்கினான். தார் ரோட்டிலும் ஓடும், கல்லும் சேறுமான காட்டுப் பாதையிலும் ஓடும் ரகம்.

“ரோட்டுக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும்மா,” என்றான்.

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்லு.”

“அதேதான். என்னைப் புரிஞ்சுக்கிட்டவ நீ ஒருத்திதான்.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கின வண்டி வாங்கினபடி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்களை மாட்டினான். இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் அலுமினியத் தகடு வைத்தான். கைப்பிடிக்கு முன்னால், கிளை கீறாமல் இருக்க, காப்பு. செயின் ஓடும் பின்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினான், மேடு ஏற இழுவை வேண்டுமாம். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியையே நான்கு விரல் உயர்த்தினான். உயர்த்தியதும் ஸ்டாண்டு தரைக்கு எட்டாமல் வண்டி குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. லேத்து அந்த ஸ்டாண்டை அறுத்து, நடுவில் ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “ஒட்டகம் கட்டியிருக்கு, பாத்து வாங்க,” என்பேன். பிறகு எல்லோருக்கும் அது ஒட்டகம்தான்.

காட்டுக்காக இத்தனை செய்தாலும் ரோட்டுக்கு வேண்டிய எதையும் அவன் கழற்றவில்லை. கண்ணாடி, ஹாரன், பக்க விளக்கு எல்லாம் இருந்தன. கிளை பட்டால் உடையாமல் மடங்கும்படி மாற்றினான், அவ்வளவுதான். சட்டத்துக்குப் பயந்து நடக்கிறவன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இதெல்லாம் எங்கள் முன்னறையில் நடந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நான் எழுத்து எழுதுவேன். அவன் தரையில் சாக்கு விரித்து நட்டும் போல்ட்டும் பரப்பியிருப்பான். “பன்னெண்டாம் நம்பர்,” என்று திரும்பாமலே கை நீட்டுவான், நான் ஸ்பேனரை எடுத்து வைப்பேன். ஒரு நாளும் தப்பாக வைத்ததில்லை. அப்படியே இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

காட்டில் ஓடுகிற வண்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. அதிர்வில் நட்டுகள் தாமாகவே தளரும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றுக்கும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தால் பொழுது போய்விடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நட்டை இறுக்கியதும், நட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுவார்கள். நட்டு திரும்பினால் கோடு இரண்டாக உடைந்து தெரியும். கோடு நேராக இருந்தால் நட்டு இறுக்கிய இடத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். கிளம்புமுன் வண்டியைச் சுற்றிக் கண்ணை ஓட்டினால் போதும், கை வைக்க வேண்டாம்.

மற்றவர்கள் மார்க்கர் பேனாவால் கிறுக்குவார்கள். என் மகன் அந்த வேலையை என்னிடம் கொடுத்தான். மஞ்சள் நிறம், மெல்லிய தூரிகை, இருபத்துமூன்று இடங்கள். அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, அவனோடு ஓட்டுகிறவர்களும் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்குக் கோட்டம்மா என்று பெயர் வைத்தார்கள்.

“கோட்டம்மா போட்ட கோட்டை எமன்கூடத் தாண்ட மாட்டான்,” என்பான் லேத்து.

“நீ ஒழுங்கா இறுக்குடா. நான் கோடுதான் போடறேன், மந்திரம் போடல.”

சனிக்கிழமை லேத்து வந்து இறுக்குவான். அவன் பின்னாலேயே நான் கோடு போட்டுக்கொண்டு போவேன். ஞாயிறு காலை என் மகன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்புவான். மூன்று வருடத்தில் ஒரு கோடும் அவனை ஏமாற்றியதில்லை.

அவனோடு ஓட்டுகிற கூட்டத்தில் ஒரு பெண்ணும் இருந்தாள். மாட்டு டாக்டர். மலைமேல் வேலை. ஜீப் ஏறாத இடங்களுக்கும் போக வேண்டியிருப்பதால் அதே ரக வண்டி வைத்திருந்தாள். என்னிடம் மரியாதைக்குக் குறைவு வைத்ததில்லை. முதல் நாள் “ஆன்ட்டி” என்றாள். இரண்டாம் முறை வந்தபோது “அத்தை” என்றாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் கொடுத்தேன், அவள் வண்டிக்கும் கோடு போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் பேச்சை எடுத்தான்.

“அம்மா, அவளுக்கு மலைமேல பெரிய வீடா குடுத்திருக்காங்க. பக்கத்துல ஒரு ஷெட்டு காலியா கெடக்கு. அங்கயே பட்டறை போடலாம்னு இருக்கேன். இந்த மாதிரி வண்டி பாக்க அங்க ஆளே இல்ல.”

“கல்யாணம்?”

“ரெஜிஸ்டர் பண்ணிக்கறோம். நீயும் வந்துடேன். மூணு ரூம் இருக்கு.”

“எனக்கு அந்தக் குளிர் ஆகாது.”

“மூணு மணி நேரம்தானேம்மா. நெனச்சா வந்து நிப்பேன்.”

“உங்க அக்காவும் நாலு மணி நேரம்னுதான் சொன்னா. ஆறு வருஷத்துல நாலு தடவ வந்திருக்கா.”

“அவ பஸ்ஸப் புடிச்சு வரணும். நான் ஒட்டகத்துல வருவேன்.”

நானும் சிரித்தேன். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன்.

அவன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவன் அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்பது நாள் கட்டோடு வீட்டில் கிடந்தான். நான் குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன், இருவரும் நாள் முழுக்கத் தாயம் உருட்டினோம். ஊர் சுற்றுகிற பையன் அந்த நாற்பது நாளில் எவ்வளவு அடங்கிப்போனான் என்று நான் பார்த்தேன். அதைத்தான் திரும்ப நினைத்தேன். ஒரு நாற்பது நாள். அதற்குள் மனசு மாறும், அந்தப் பெண்ணுக்கும் மாறும். பெற்றவள் இதைக்கூட யோசிக்காவிட்டால் வேறு யார் யோசிப்பார்கள்.

அவன் மலைக்குக் கிளம்ப வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதியம் லேத்து வந்து வழக்கம்போல எல்லாவற்றையும் இறுக்கினான். நான் இருபத்துமூன்று கோடும் போட்டேன். பிறகு இரண்டு பேரும் முடி வெட்டிக்கொள்ளப் போனார்கள். மாப்பிள்ளைக்குத் தலை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று லேத்துதான் இழுத்துக்கொண்டு போனான்.

பின்சக்கர நட்டுக்கு நீள ஸ்பேனர் போட வேண்டும். போட்டேன், அசையவில்லை. லேத்து எவ்வளவு நேர்மையாக இறுக்கியிருந்தான் என்பது என்னைவிட யாருக்கும் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, என் முழு எடையோடு ஸ்பேனர்மேல் ஏறி நின்ற பிறகுதான் அது விட்டுக்கொடுத்தது. ஒரு சுற்று திருப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் அரைச் சுற்று திருப்பினேன். பழைய கோட்டைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். இரும்பு காயும்வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நட்டு நின்ற புது இடத்தில் புதுக் கோடு போட்டேன். இருபத்துமூன்றில் அதுதான் நன்றாக வந்தது.

நான் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை. அவன் எப்போதும் கல்குவாரிப் பாதையில்தான் மலைக்குப் போவான். அங்கே வேகம் எடுக்க முடியாது. குலுக்கலில் சக்கரம் நகரும், செயின் கழலும், மணலில் சரிவான். அதிகம் போனால் ஒரு கால். ஆனால் அன்றைக்கு அவன் பெரிய ரோட்டில் போயிருக்கிறான். ஒரு மணி நேரம் மிச்சமாகுமாம், அவள் காத்திருப்பாளாம். இறக்கத்தில், நல்ல வேகத்தில், செயின் கழன்று பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று வருடமாகக் காடு காடு என்றவன் அன்றைக்கு மட்டும் ரோட்டில் ஏன் போக வேண்டும். அந்தப் பாவத்தை என் தலையில் கட்ட முடியாது.

காலையில் கிளம்புமுன் வண்டியைச் சுற்றிப் பார்த்தான். பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

“என்னடா பாக்கற?”

“உன் கோட்டத்தான். அங்க இந்த மாதிரி போட ஆள் கெடைக்காதும்மா.”

அப்போதாவது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். சொன்னேன். ஹெல்மெட் வாரை ஒழுங்காக மாட்டச் சொன்னேன். மாட்டினான். அதனால்தான் உயிர் தப்பியது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, வலது கால் மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது. ஒட்டகம் நின்ற இடத்தில் இப்போது அவன் கட்டில் கிடக்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று லேத்து ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா, நான் மிதிச்சு இறுக்கினேன்மா. நீங்களே பாத்தீங்க. பாத்துட்டுத்தான கோடு போட்டீங்க.”

“பாத்தேன்டா. மனுஷன்னா தப்பு வரும். நான் உன்ன ஒரு வார்த்தை சொன்னேனா?”

அவன் குலுங்கி அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்குப் போனவன்தான், பட்டறையைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் ஒன்பது முறை வந்தாள். வாசலிலேயே வைத்து, தூங்குகிறான் என்றேன், டாக்டர் பார்க்கவிடக் கூடாது என்றிருக்கிறார் என்றேன், கடைசியில் அவனுக்கே உன்னைப் பார்க்க விருப்பமில்லை என்றேன். அவனிடம், அவளுக்கு மலையில் வேலை அதிகம்போல என்றேன். அவன் கைபேசி விபத்தில் நொறுங்கிவிட்டது. வேறு வாங்கச் சொல்லி அவனும் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவர் வந்தார். இப்போதே ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் தடி ஊன்றி நடந்துவிடுவான், தள்ளிப்போட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்றார். வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று அனுப்பிவிட்டேன். பார்க்கவில்லை. முறிந்த எலும்பை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை, நான் அவனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“அம்மா, பின் நட்டுக் கோடு மட்டும் மத்ததவிட நல்லா இருந்துச்சு.”

“அப்படியா.”

“நீ துடைச்சிட்டு ரெண்டாவது தடவ போடற கோடுதான் அப்படி வரும். சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்.”

நான் சீப்பை எடுத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தூங்கு என்றேன்.

இதுதான் நடந்தது. லேத்துவை விட்டுவிடுங்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் போகலாம், ஆனால் அதற்கு முன் என் மகனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். அவன் பழக்கம் எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து அவன் பேச்சைக் குறைத்துவிட்டான், என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, அந்த அளவுக்கு நிம்மதி வந்துவிட்டது. நான் வெளியே இருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த உடனே கண்ணை மூடிக்கொள்கிறான். நான் பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது.