எலி ராணி வீட்டு வாசலில்

— இன்னும் ஒரு தடவை இழுக்கிறேன். வயித்தை எக்கிக்கோங்க.

— எக்கித்தான்மா இருக்கேன். இதுக்கு மேல எக்கினா முதுகுல வந்து ஒட்டிக்கும்.

— அம்மா, அப்பா மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு! நீ பார்க்கணுமே!

— எனக்கு எங்கடி மூஞ்சி தெரியுது? இந்தப் பக்கம் வெறும் காலுதான் தெரியுது. எல்லாம் உன்னாலதான். இந்தப் பூங்காவுல பூதம் வீடு பார்த்தே, சூனியக்காரி வீடு பார்த்தே, சமத்தா இறங்கி வந்தே. இந்த எலி ராணி வீட்டுல மட்டும் போய் உட்கார்ந்துக்கிட்டு வரமாட்டேன்னா?

— ராணி வெளிய வரமாட்டாம்மா. கூட்டிட்டுப் போறவங்கதான் உள்ள வரணும்.

— வந்தாரே உங்கப்பா! ஏங்க, குழந்தைங்க மட்டும்னு வாசல்ல எழுதிப் போட்டிருந்தாங்களே, பார்க்கலையா?

— பார்த்தேன். ஊருக்கெல்லாம் கதவு செஞ்சு மாட்டுறவன் நான். என் கண்ணளவு தப்பாதுன்னு தலையை விட்டேன்.

— கதவைச் சரியாத்தான் அளந்தீங்க. உங்களை அளக்க மறந்துட்டீங்க.

— சார், அசையாதீங்க. மரத்து மேல இருக்கிற வீடு, நீங்க ஆட்டினா சேர்ந்து ஆடும். நான் போய் எங்க தச்சரைக் கூட்டிட்டு வரேன்.

— யோவ் காவல்காரரே, நானே தச்சன்தான்யா!

— அப்ப உங்களுக்கே தெரியும் சார், அறுக்காம ஆகாதுன்னு. இதோ வந்துடறேன்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. இனி இந்தத் தொங்கு பாலத்துல நானும் நீங்களும்தான். நானும் உங்க காலும்னு வெச்சுக்கோங்களேன். நல்லதாப் போச்சு. அந்த வெளியூர் ஆஸ்பத்திரி விஷயம் பேசணும்.

— அட விடும்மா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

— வீட்டுல எங்க பேசறது? நான் வாயைத் திறந்தாலே பட்டறையில வேலை இருக்குன்னு எழுந்துடுவீங்க. குளிக்கிற கதவுக்கு வெளிய நின்னு சொல்லிப் பார்த்தேன், குழாயைத் திறந்து விட்டீங்க. நெளியாதீங்க! எவ்வளவு நெளிஞ்சாலும் இன்னைக்குக் கேட்டுத்தான் ஆகணும்.

— இது அநியாயம்.

— அநியாயம்தான். கேட்டுக்கோங்க. அந்த ஊர்ல தலைமை நர்ஸ் வேலை. தங்க வீடும் குடுக்கிறாங்க. வர்றேனா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள போன்ல சொல்லணும். போன தடவை நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வேற ஆளைப் போட்டுட்டாங்க. இதையும் விட்டா இனி என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க.

— அப்பா கண்ணை மூடிக்கிட்டாரும்மா.

— காதை மூடலையே? அது போதும்.

— என் பட்டறை என்ன ஆகும்?

— அந்த ஊர்லயும் கதவு வெச்சுதாங்க வீடு கட்டுறாங்க.

— எவன் பட்டறையிலயாவது கூலிக்கு நிக்கணும். இங்க தெருவுல இறங்கினா நாலு பேரு 'வாங்க மேஸ்திரி'ங்கிறான். அங்க நான் யாரு? நர்சம்மா வீட்டுக்காரன்.

— இத்தனை வருஷமா நான் மேஸ்திரி சம்சாரம். தேஞ்சா போயிட்டேன்?

— நான் அப்படிச் சொல்லலை.

— நான் சொல்றேன். தேஞ்சுதான் போயிட்டேன். வார்டுல நின்னுட்டு வந்து அடுப்படியில நிக்கிறேன் பாருங்க, அப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் வந்து இடிக்குது எனக்கு. இப்ப உங்களுக்கு இடுப்புல இறுக்குதே, அது மாதிரி. உங்களுக்காவது காலைப் பிடிச்சு இழுக்க நான் இருக்கேன்... என்னங்க, கேக்குதா? ஏய் வாண்டு, அப்பா என்னடி பண்றாரு?

— ஒண்ணும் பண்ணலை. மூக்கை மட்டும் உறிஞ்சறாரு. இங்க தூசிம்மா.

— போன் உன்கிட்டதானே இருக்கு?

— இருக்குங்க. ஏன்?

— பண்ணு. வர்றோம்னு சொல்லு.

— வர்றேன்னா, வர்றோம்னா?

— வர்றோம். காதுல விழலையா?

— விழுந்துது. வேண்டாம்.

— என்னம்மா இது? நீ கேட்டதைத்தானே சொல்றேன்!

— மாட்டிக்கிட்டு முழிக்கிற மனுஷன் குடுக்கிற வாக்கு எனக்கு எதுக்கு? அறுத்து வெளிய எடுத்ததும், வலியில ஏதோ உளறிட்டேன்னு துண்டை உதறிப் போட்டுட்டுப் பட்டறைக்குப் போயிடுவீங்க. எழுந்து போக முடிஞ்சும் போகாம உட்கார்ந்து சொல்லுங்க, அப்ப நம்பறேன்.

— அப்பா, இப்பவாவது சொல்லிடட்டுமா?

— சும்மா இரு வாண்டு.

— என்னடி சொல்லணும்? சொல்லு!

— அப்பா அப்பவே கழண்டுட்டாரும்மா! நெளியாதீங்கன்னு திட்டினியே, அப்பவே. நீ பேசி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு எனக்குச் சைகை காட்டிட்டு, அப்படியே படுத்துக் கேட்டுக்கிட்டிருக்காரு.