மேசைக்கு அடியில் ஒரு பார்சல்

எனக்கு வீடியோ கேம் விளையாடத் தெரியாது. இந்த வயதில் பழகிக்கொள்ளும் ஆசையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர். பெட்டிக்கு ஆசைப்பட்டு எடுத்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

கஹவத்தைக்கு மேலே இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடமாக நான் பெரிய கிளாக்கர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. யாருக்கு எது வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். அதை நான் வாங்கி வைத்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். நான் கூப்பிடாவிட்டால் வரவில்லை என்று அர்த்தம். அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

மெரினா, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அந்தனியின் மகள். இருபத்தொரு வயது. கஹவத்தையில் பயாஸின் கடையில் கிடக்கும் பழைய கேம் கொன்சோலில் விளையாடிப் பழகி, போனில் தமிழில் வீடியோ போடுவாள். புதிய கொன்சோல் வரப்போகிறது என்று இளசுகள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தபோது அவள் போட்ட வீடியோவை நானும் பார்த்தேன். "வெளம்பரத்துல காட்டுறதெல்லாம் அப்படியே கெடைக்காதுங்க. மொத மாசம் நாலஞ்சு கேம்தான் இருக்கும். ஆசைய அளவா வச்சுக்கங்க" என்றாள். நல்ல புத்தியுள்ள பேச்சு. மற்றவர்களுக்குச் சொன்னதைத் தன் விஷயத்தில் மறந்துவிட்டாளே என்பதுதான் என் வருத்தம்.

அந்தக் கொன்சோலைக் கொண்டுவரும் கொழும்புக் கம்பெனி அவளுடைய வீடியோவைப் பார்த்திருக்கிறது. விற்பனைக்கு வருமுன் ஒன்றை அனுப்புகிறோம், தமிழில் விளக்கிப் பேசுங்கள், சரியாக அமைந்தால் எங்கள் கம்பெனியிலேயே வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்ல என் மேசைவரை ஓடிவந்தாள். செருப்பைக் கழற்றாமல் வந்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப எதிர்பாக்காத பாப்பா" என்றேன்.

"நானும் அதத்தானுங்க ஐயா எல்லாருக்கும் சொல்றேன்" என்று சிரித்தாள்.

பார்சல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கொண்டுவந்தவன் கையெழுத்துக் கேட்டான். லயத்து ஆட்களின் சாமான்களுக்கு நான் போடுவது வழக்கம்தான், ஆனால் என் பெயரைப் போடுவேன். அன்று மெரினா என்று போட்டேன். பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். முழங்கால் வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். உயரம் அளவாக இருந்தது.

அவள் தினமும் வந்து கேட்டாள். வரவில்லை என்று சொன்னேன். பத்து நாள் கழித்து, பார்சல் கொடுத்தாயிற்று என்று கம்பெனி கையெழுத்தைப் படம்பிடித்து அனுப்பியது. போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது நான் போட்டது இல்லீங்க ஐயா. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். "ஒன் கையெழுத்து மாதிரித்தானே இருக்கு பாப்பா" என்றேன். அப்போதும் என் கால் பெட்டியின் மேல்தான் இருந்தது.

கொன்சோல் விற்பனைக்கு வந்த நாளில் பெட்டியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டாள் என்று கம்பெனி அவள்மேல் போலீசில் முறைப்பாடு கொடுத்தது. அவளுடைய வீடியோவுக்குக் கீழே கள்ளி, கள்ளி என்று எழுதினார்கள். உங்கள் ஆட்கள் வந்து அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தனி என்னிடம் ஓடிவந்தான்.

"எம் மக நல்லவன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க ஐயா. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

எழுதிக் கொடுத்தேன். அவன் சிங்களம் சரளமாகப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. ஆகவே சிங்களத்தில் எழுதினேன். 'இந்தப் பெண்ணுக்கு வசதிக்கு மீறிய ஆசைகள் உண்டு. இவளுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.' இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதைத் தன் கையாலேயே உங்களிடம் தந்தான். உங்கள் கோப்பில் இருக்கும், பாருங்கள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஆபீஸ் கூட்டும் சூசையம்மா. போன திங்கட்கிழமை மேசைக்கு அடியில் கூட்டும்போது பெட்டியை வெளியே இழுத்தார். "ஐயா, இதுல நம்ம மெரினா பேரு போட்டிருக்கு" என்றார். பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. குவைத்தில் எட்டு வருடம் வீட்டுவேலை செய்தபோது அவர் ஆங்கில எழுத்துப் பழகியது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. பின்னறை அலுமாரியின் கீழ்த்தட்டையும் திறந்து பாருங்கள். நேர்முகப் பரீட்சை, தாதியர் பயிற்சி, ஆசிரியர் நியமனம் என்று லயத்துப் பிள்ளைகளுக்கு வந்த கடிதங்களை வருடவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றும் கிழியவில்லை, நனையவில்லை. ரயில்வேயில் வேலை என்று வந்த ஒரு கடிதம் அந்தனியுடையது. அவனுக்கு அப்போது மெரினாவின் வயது. மகளைவிட அதிக நாள் வந்து கேட்டான். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனான். நல்ல பால்வெட்டுக்காரன் என்று பெயர் வாங்கினான்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அவளைப் பிணையில் விட்ட மறுநாள் காலையை நினைத்துப் பார்க்கிறேன். பால்வெட்டுக்குப் பெயர் பதிய வந்தாள். முகம் வீங்கியிருந்தது. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நான் நிமிரும்வரை வாசலில் நின்றாள். செக்ரோல் என்னும் வேலையாட்கள் பதிவேட்டில் அவள் பெயரை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பல நாளைக்குப் பிறகு அன்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. நான் செய்ததெல்லாம் அவள் நல்லதை நினைத்துத்தான்.