கழிவறை மேல் மாம்பழ ஐஸ்

— போ-ஹான், என் குழாய்ப் படத்துல மூணாம் மாடிக் கழிவறை மேல, "மான்-லிங், ஞாயித்துக்கிழமை மாம்பழ ஐஸ் சாப்பிட வர்றியா?"ன்னு எழுதியிருக்கு. ஐஸை அங்க வச்சா ஊட்டிவிடப் போறே?

— ஐயோ, லி-ச்சூ அக்கா! உங்க படத்துலயும் தெரியுதா?

— ஏண்டா தெரியாது? உன் தரைப்படத்தை அடியில இணைச்சு வச்சுத்தானே நான் குழாய் வரையறேன். அங்க நீ தும்மினா இங்க எனக்குத் தெறிக்கும். தீயணைப்புக் குழாய் போடற ச்செங் அண்ணன், "ஐஸுக்கும் நான் குழாய் போடணுமா?"ன்னு கேக்கறாரு.

— மான்-லிங்கும் அதே படத்தை இணைச்சுத்தான் விளக்கு போடறா. அவ கண்ணுல மட்டும் பட்டா போதும்னு...

— தெருவுக்கே மைக் கட்டிட்டு ரகசியமாம்!

— எழுதி நாலு நாளாச்சுக்கா. டீ வாங்கிக் குடுத்தா சிரிக்கிறா, குடிக்கிறா, போயிடறா. திங்கக்கிழமை தைபே ஆபீசுக்கே மாறிப் போறா. ராசிக்குன்னு சர்வர் மேல புதுசா பச்சைப் பொரிப் பாக்கெட்கூட வச்சேன்.

— அது மெஷின் மக்கர் பண்ணாம இருக்க வைக்கறதுடா. பொண்ணு பதில் சொல்றதுக்கு இல்ல.

— வேணாம்னுதான் அர்த்தம். மூணு மணிக்குப் படத்தை நகராட்சிக்கு அனுப்பணும், அதுக்கு முன்னாடி இணைப்பு எல்லாத்தையும் ஒரே ஃபைலாக் கட்டிடுவோம். கட்டிட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. அதுக்குள்ள அழிச்சுடறேன்.

— இரு, இரு. நாலு நாள் முன்னாடி "கடைசி"ங்கற ஃபைலை "உண்மையான கடைசி"ன்னு வேற பேர்ல சேமிச்சியே, எல்லார்கிட்டயும் சொன்னியா?

— ஒவ்வொரு மேசையா போய்ச் சொன்னேனே!

— அவ மேசைக்கு?

— அங்க... வாய் வரல.

— அட மக்கு! அவ இன்னும் பழசைத்தான் இணைச்சு வச்சிருந்தா. நீ நகர்த்தின சமையலறைச் சுவர்கூட அவளுக்குத் தெரியல, விளக்கு அந்தரத்துல தொங்குச்சு. அப்புறம் எங்கேருந்து உன் ஐஸ் தெரியும்?

— அப்போ அவ பார்க்கவே இல்லையா!

— காலையில நானே போய்ப் புதுசை இணைச்சு விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, காது வரைக்கும் சிவந்துட்டா.

— ஐயய்யோ! என்ன சொன்னா?

— என்கிட்ட எதுக்குடா சொல்லப் போறா? நீ சாப்பிடப் போனப்போ உன் தரைப்படத்தைத் திறந்து என்னமோ தட்டினா. நீ இன்னிக்கு அதைத் திறந்தியா?

— பயமா இருந்துச்சு, திறக்கல... அக்கா, ஏன் எல்லாரும் எழுந்து நின்னு என்னையே பாக்கறாங்க?

— அவங்க படத்துலயும் தெரியுதுல்ல! திற. உன் வரிக்குக் கீழ. சத்தமாப் படி.

— "வர்றேன். ஆனா இந்த இணைப்பை எல்லாம் நம்ப முடியாது, பேர் மாறினா விட்டுப்போகுது. பேசாம... கட்டிக்கலாமா?"