நான்காம் நாள் என்று நான் எழுதிய குழாய்கள்

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்த என் சித்தியோடு வேலை செய்த ஆய்வாளர்களே, முன்வரிசையில் இருக்கும் சித்தப்பா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். எழுதி வந்ததைத்தான் வாசிக்கிறேன். தாள் சலசலத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சித்தி முனைவர். எங்கள் வீட்டில் எலி டாக்டர்! "எலிக்குப் பிரசவம் பாத்து முடிச்சிட்டு வீட்டுப் பக்கமும் வாடி" என்பார் அம்மா. "பிரசவத்தை யார் வேணா பாப்பாங்கக்கா. கரு வந்து ஒட்டுற அந்த ஒரு ராத்திரிய யார் பாப்பா?" என்பார் சித்தி.

பதினோரு ஆண்டுகள் அந்த ஓர் இரவைத்தான் பார்த்தார். நான்காம் நாள் காலையில் கரு எலியின் கருப்பையில் மிதக்கிறது. ஐந்தாம் நாள் காலையில் ஒட்டியிருக்கிறது. இடையில் எந்த மரபணு விழிக்கிறது? எது அடங்குகிறது? சாயம் ஏற்றியதும் கரு ஒட்டிய இடங்கள் நீலப் பட்டைகளாகத் தெரிந்ததை ஒருமுறை எனக்குக் காட்டினார். "பாத்தியாடி, வீடு புடிச்சாச்சு!" என்று சிரித்தார்.

முந்தாநாள் வீட்டுக்கு வந்த இயக்குநர் சொன்னார்: கரு ஒட்டுவதற்கு முன்பே ஒரு மரபணு விழித்துவிடுகிறது என்று சித்தி கண்டுபிடித்திருக்கிறார், திங்கட்கிழமை அந்தக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புகிறோம் என்று. சித்தி போனபிறகு அன்றைக்குத்தான் சித்தப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்.

உறைபெட்டியில், எலிக் கருப்பைத் திசு வைத்திருந்த பன்னிரண்டு பழைய குழாய்களில் எழுத்து அழிந்திருந்தது. குறிப்பேட்டிலிருந்த தேதிகளைப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதியவள் நான். "என் கோழிக்கிறுக்கலுக்கு உன் கையெழுத்து எவ்வளவோ மேல்" என்றார் சித்தி. எலிகள் இணை சேர்ந்தது தெரிந்த காலைதான் இந்த ஆய்வகத்தில் முதல் நாள். எனக்கு அது தெரியாது. நான் மறுநாளிலிருந்து எண்ணினேன். ஐந்தாம் நாள் குழாய்களில் நான்கு என்று எழுதினேன். போன வாரம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. சித்தியின் முடிவு அந்தக் குழாய்களை வைத்துத்தான். மரபணு முன்கூட்டி விழிக்கவில்லை. கரு ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவர் சித்தி. என் சீட்டுகளை மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நம்பினார்!

சித்தப்பா, என்மேல் கோபப்படுங்கள். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டால், தப்பான ஒன்றின்மேல் சித்தியின் பெயர் இருக்குமே! அதை அவர் தாங்குவாரா?

அவர் வேலையைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். திங்கட்கிழமை அனுப்பாதீர்கள். குறிப்பேடு இதோ, என் பையில் இருக்கிறது. தேதிகளை நான் வாசிக்கிறேன். நீங்கள் எண்ணுங்கள், அந்த முதல் காலையிலிருந்து.