ஈரச் சுவரை மூடாதீர்கள்!

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர், வில்லோபெண்ட் ஊர்மன்றக் குழுவின் தலைவர் ஆர்வில் தீசன் அவர்களே! உண்ணும் முன் ஊருக்காக இறைவனை வேண்டிய அருட்தந்தை அவர்களே! விடிந்ததிலிருந்து வான்கோழிகளை வாட்டியெடுத்து, அடுப்படி அனல் இன்னும் முகத்தில் ஆறாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முட்டைக்கோஸ் சுருள்களைச் சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்த மூத்தோர்களே! அறுவடை இயந்திரத்தை வயலிலேயே நிறுத்திவிட்டு, சேற்றுக் காலணியோடு வந்து கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் உழவர் பெருமக்களே! பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளிக் கர்லிங் ஆடும் இந்தக் கூடத்தை ஒரு மாலைக்கு நமக்கு இரவல் தந்த ஆட்டச் சங்கத்தின் தலைவர் லார்ன் வசிலிக் அவர்களே! உங்கள் அனைவருக்கும் கிளெண்டா ஸ்டெஃபன்சுக்கின் வணக்கம்.

பேச்சு முடிந்தால்தான் பூசணி இனிப்பு வரும் என்று சமையற்கட்டில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் கண்களில் தெரியும் ஆவல் என் பேச்சின் மேல் அல்ல என்பது எனக்கு நன்றாகவே தெரியும்!

அன்பர்களே! ஆண்டாண்டு காலமாக நம் அறுவடை விருந்தை எங்கே உண்டோம்? ஊர்மன்றத்தின் கீழ்த்தளத்தில் உண்டோம். இந்த ஆண்டு ஏன் இங்கே, கல் தள்ளும் கூடத்தில், மரப்பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறோம்? ஆகஸ்ட் கடைசியில் கொட்டிய பேய்மழையை மறந்துவிட்டோமா? சாக்கடைக் குழாய்கள் விழி பிதுங்கி, தண்ணீர் வெளியேற வேண்டிய ஓட்டை வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறி வந்த அந்த நாளை மறக்க முடியுமா? வந்தது மழைநீரா? ஆற்றுநீரா? இல்லை அன்பர்களே, இல்லை! வந்தது நம் ஊர்க் கழிவறைகள் அத்தனையும் சேர்ந்து விடுத்த கூட்டறிக்கை!

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. வெள்ளம் புகுந்த வீடுகளைக் கழுவிக் காயவைப்பதுதான் என் பிழைப்பு. அதனால் என்னை முதலில் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் நம் தலைவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். தலைவர் அவர்களே, சொல்லட்டுமா? தலையில் கை வைத்துக்கொண்டார். அதை அனுமதி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

"ஆர்வில், அந்தப் படியில கால வெச்சே, உன்னத் தூக்க நாலு ஆளு வேணும்!" என்று கத்தினேன்.

"காபிக் கொப்பரை மிதக்குதும்மா!"

"மிதக்கட்டும். கரண்ட நிறுத்தியாச்சா?"

"ஏன், விளக்கு நல்லாத்தான எரியுது?"

"அதத்தான்யா நானும் கேக்குறேன்!"

சுவரில் இருந்த மின்செருகு துளைகள் எல்லாம் தண்ணீருக்குள். மேலே விளக்கு ஜெகஜோதி! மின்வாரியத்து ஆள் வந்து தெருவிலேயே மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் ஒருவரை உள்ளே விட்டேன். முழங்கால் வரை ரப்பர் காலணி, முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கும் வாய்க்கும் முகக்கவசம். கையில் சின்னக் கீறல் இருந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினேன். என்னை எப்படியெல்லாம் ஏசினீர்கள்! 'கிளெண்டா நம்மள நிலாவுக்கு அனுப்பப் பாக்குறா' என்று ஒரு குரல் கேட்டதே, அந்தக் குரல் இப்போது மூன்றாவது மேசையில் இரண்டாவது தட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள். அன்று வயிற்றுக்கு ஒன்றும் ஆகாததால்தானே இன்று சாப்பிட முடிகிறது!

உறிஞ்சியது எதுவோ, அது வெளியே போகட்டும்! உறிஞ்சாதது எதுவோ, அது கழுவப்படட்டும்! இதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். தரைவிரிப்பு போயிற்று. மெத்தைகள் போயின. பஞ்சு வைத்த பொம்மைகள் ஒன்று விடாமல் போயின. தண்ணீர் தொட்ட கோட்டுக்கு மேலும் ஒரு முழம் விட்டு, சுவர்ப்பலகையை அறுத்து எடுத்தோம். உலோக நாற்காலிகளையும் காபிக் கொப்பரையையும் முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினியில் குளிப்பாட்டினோம். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றுவது, குளிக்காமல் அத்தர் பூசுவதற்குச் சமம்.

என்ன டெல்பர்ட், அங்கே முணுமுணுப்பு? உங்கள் கதையைச் சொல்லாமல் விடுவேனா? நம் டெல்பர்ட் கிளாசன் நல்ல மனிதர், நாலு பேர் வேலையை ஒரே ஆளாகச் செய்வார். ப்ளீச் ஒரு புட்டி நல்லது என்றால், அதோடு கழிவறை கழுவும் அமிலம் ஒரு புட்டி சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்று ஒரே வாளியில் கவிழ்த்துவிட்டார். கண்ணில் நீரும் நெஞ்சில் இருமலுமாக வெளியே ஓடி வந்தவரைப் புல்வெளியில் உட்காரவைத்து, "எதுக்குய்யா கலந்தே?" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "ரெண்டும் நல்ல சரக்குன்னுதான் போட்டிருந்துச்சு" என்றார். நல்லவர் இருவரை ஓர் அறையில் அடைத்தால் நன்மை இரட்டிப்பாகிவிடுமா? இந்தக் குழுவின் கூட்டங்களைப் பார்த்த பிறகுமா அப்படி நம்புகிறீர்கள்? டெல்பர்ட்டை அன்றே மருத்துவர் பார்த்தார், தெய்வாதீனமாகத் தப்பினார். வீட்டுக்குப் போனதும் அந்தப் புட்டிகளை வேறு வேறு அலமாரியில் வையுங்கள். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பெரியோர்களே! கழுவினோம், காற்று விட்டோம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதைப் போல, நீர் வடிந்த பின்னும் ஈரம் மட்டும் மரத்தைவிட்டுப் போகவில்லை. சுற்றுவட்டார ஊர்களும் நனைந்து கிடந்ததால், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நமக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. செப்டம்பர் போயிற்று. முதல் உறைபனி விழுந்தது. அங்கேதான் வந்தது ஆபத்து!

உறைபனியைக் கண்டால் மனிட்டோபா மாகாணத்துக்காரர்கள் நாம் என்ன செய்வோம்? மூடுவோம்! தோட்டத்தை மூடுவோம், சன்னலை மூடுவோம், தண்ணீர்க் குழாயை மூடுவோம். வாயை மட்டும் எந்தப் பனிக்காலத்திலும் மூட மாட்டோம்! குளிர் வருவதற்குள் சுவரை அடைத்துவிட வேண்டும் என்பது நம் பாட்டன் பூட்டன் காலத்து அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் நம் கீழ்த்தளத்துச் சுவருக்குள் என்ன இருக்கிறது? மரச்சட்டம். அதற்கு நடுவே கண்ணாடிப் பஞ்சு. அதன் மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மேல் பலகை. காய்ந்த சட்டத்தின் மேல் அதைப் போர்த்தினால் குளிருக்குக் கவசம். ஈரச் சட்டத்தின் மேல் போர்த்தினால் ஈரத்துக்குச் சிறை! உள்ளே அகப்பட்ட ஈரம் சும்மா இருக்குமா? பூஞ்சைக்குப் பந்தி விரிக்கும்.

சென்ற சனிக்கிழமை நடந்ததை எல்லோரும் அறிய வேண்டும். பலகைகள் வந்து இறங்கின. பஞ்சு வந்தது, ஆட்கள் வந்தார்கள், ரொட்டியும் சூப்பும் வந்தன. தலைவர் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"பிஸ்கட்டு மாதிரி காஞ்சிருக்கு. ஆரம்பிங்கப்பா!"

நான் என் ஈரமானியின் இரண்டு ஊசிகளை அடிச்சட்டத்தில் குத்தினேன். மரத்தின் ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. இருபத்தெட்டு காட்டியது.

"உன் டப்பாவுக்கு ஜுரம்" என்றார் தலைவர்.

"உன் கைக்கு மேல்தோல் ஈரம்தான் தெரியும் ஆர்வில். மரத்துக்குள்ள போய்ப் பாக்குமா?"

"பனி வந்துடுச்சும்மா! புள்ளைங்க எங்க போகும்? நவம்பர் ஒண்ணாந் தேதி அதிகாரி வந்து நிப்பாரு. அவருக்கு உன் டப்பாவையா காட்டுறது?"

தலைவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏன் தெரியுமா? அந்தக் கீழ்த்தளத்தில் விருந்து மட்டுமா நடந்தது? வாரநாள் காலைகளில் நம் மழலையர் பள்ளி நடந்தது. அதை ஒற்றை ஆளாக நடத்தி வந்தவர் ஆசிரியை ஜினெட் ஃபில்லியன். மழை பெய்த நாளிலிருந்து பள்ளி இல்லை. நவம்பர் முதல் நாளுக்குள் தகுந்த இடம் காட்டாவிட்டால் உரிமம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அவருடைய வேலை போகும். நம் குழந்தைகள் பனிப்புயலில் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டும். நம் தலைவர் பிடிவாதம் பிடித்தது தனக்காக அல்ல. ஜினெட்டுக்காகவும் அந்தக் குழந்தைகளுக்காகவும்தான். அதை இந்த மேடையில் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள்.

அப்போது ஜினெட் படியிறங்கி வந்தார். மூடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் வழிவிட்டோம். அவர் என்னைப் பார்த்து, "இப்ப மூடுனா என்ன ஆகும் கிளெண்டா? பயமுறுத்தாம சொல்லு" என்றார்.

"இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. பெயின்ட் அடிச்சா அழகாக்கூட இருக்கும். ஜனவரியில சன்னலெல்லாம் அடைச்சு, சூடு போட்டதும் வாடை வரும். சளி தீராது. மூச்சு இழுக்குற புள்ளைங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

"கதை கேக்கும்போது புள்ளைங்க எல்லாம் அந்தச் சுவருலதான் சாஞ்சு உக்காரும்" என்றார் ஜினெட்.

பிறகு தலைவரின் கையிலிருந்த திருகாணி முடுக்கும் இயந்திரத்தை மெதுவாக வாங்கி, பெட்டிக்குள் வைத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "பள்ளிக்கூடத்த வேணா நான் மூடிக்கிறேன். சுவர மூடாதீங்க."

அன்பர்களே! யாருக்கு நட்டமோ அவர் சொன்னார், மூடாதீர்கள் என்று! யாருடைய பிழைப்பு போகிறதோ அவர் சொன்னார், மூடாதீர்கள் என்று! அந்தச் சுவரை அடைத்து, வெள்ளையடித்து, விளக்குப் போட்டிருந்தால் அதிகாரிக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. ஆனால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை அல்லவா? அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. காயவைக்கத் தெரிந்த எனக்கு, காயும் வரை அந்தக் குழந்தைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லையே!

ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காதா? இன்னும் ஆறு வாரம் கொடுங்கள். வாடகைக்கு மேலும் மூன்று இயந்திரங்கள் திங்களன்று வருகின்றன. மரம் காயட்டும், பிறகு மூடுவோம். ஆனால் அந்த ஆறு வாரமும் நம் குழந்தைகள் எங்கே இருப்பது?

எல்லோரும் ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பாருங்கள். அதோ, கண்ணாடிச் சன்னல் வைத்த மாடி அறை. ஆட்டக்காரர்கள் களைப்பாறும் அறை. சுத்தமான தரை, சூடான காற்று, கழிவறை, இரண்டு வாசல், சின்னச் சமையற்கட்டு. ஒரு சொட்டுச் சாக்கடைநீர் தொடாத அறை! ஜினெட் அதை இரண்டு முறை கேட்டார். வெற்றிக் கோப்பைகள் இருக்கும் இடம், பானம் பரிமாறும் இடம், பிள்ளைகளுக்கு ஆகாது என்று சங்கம் சொல்லிவிட்டது.

லார்ன் அவர்களே! உங்கள் விருந்தாளியாக உட்கார்ந்து, உங்கள் கூரையின் கீழ் உண்டுவிட்டு, உங்களையே கேட்கிறேன். பான அலமாரிக்குப் பூட்டுப் போட முடியாதா? கோப்பையைக் கொஞ்சம் உயரத்தில் வைக்க முடியாதா? தன் பிழைப்பையே விட்டுக்கொடுக்க ஒருவர் முன்வந்த ஊரில், பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை விட்டுக்கொடுக்க இன்னொருவர் இல்லையா? அந்தப் பிள்ளைகளில் யார் இந்த ஊருக்கு அந்நியர்? எந்தப் பிள்ளை நாளைக்கு உங்கள் அணியில் கல் தள்ளப் போவதில்லை?

என்ன அது சத்தம்? நாற்காலி விழுந்ததா? லார்ன் எழுந்துவிட்டார். ஒலிபெருக்கி வேண்டுமா லார்ன்? வேண்டாமாம். அந்தக் குரலுக்கு எதற்கு!

பின்வரிசையில் கேட்டதா? கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். "ஏன்தான் இப்பிடிச் சுத்தி வளைக்கிற கிளெண்டா? நாங்க ஆடுறது சாயங்காலம். பகல்ல புள்ளைங்க வரட்டும். ஆனா அந்தக் கோப்பைங்கள நான்தான் இறக்குவேன். வேற எவனும் தொடக் கூடாது" என்கிறார்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

என்ன லார்ன், சாவியை மேடைக்கு நீட்டுகிறீர்கள்? வேண்டாம், என்னிடம் தராதீர்கள். அதோ, பரிமாறும் மேசைக்குப் பின்னால் குழம்புக் கரண்டியோடு ஒருவர் அசையாமல் நிற்கிறாரே, அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வழிவிடுங்கள், லார்னுக்கு வழிவிடுங்கள். ஜினெட், கரண்டியைக் கீழே வையுங்கள். கண்ணை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம், முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிவிட்டார்.

இனி எனக்குப் பேச ஒன்றுமில்லை. கேட்ட காதுகளுக்கும், கொடுத்த கைக்கும், வாங்கிய கைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.