ஆபீசர் வர்றதுக்குள்ள

— மறுபடியும் முதல்லேருந்து வாங்க. நான்தான் ஆபீசர். உங்க மகன் எத்தனாவது படிக்கிறான்?

— ஒன்பதாவது.

— பத்தாவதுங்க. மூணு பைக்கைத் திருடிட்டுப் புள்ள சிறுவர் இல்லத்துல அடைஞ்சு கெடக்கான். அவனை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு பாக்கத்தான் அந்த மனுஷன் நாலு மணிக்கு வர்றாரு. பெத்த அப்பா ஒன்பதாவதுன்னு சொன்னா விளங்கிடும்.

— இந்தா பாரு, நாலரைக்கெல்லாம் நான் டிப்போவுல நிக்கணும். நான் போகும்போதும் தூங்குவான், வரும்போதும் தூங்குவான். பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டு வந்து பாடம் சொல்லிக் குடுக்கவா?

— நான் மட்டும் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேனா? ஆஸ்பத்திரி அழுக்குத்துணி அத்தனையும் என் தலையிலதான் விடியுது. சரி, அடுத்தது. அவனோட கூட்டாளிங்க யாரு?

— அதை அவரு உன்கிட்டதான் கேப்பாரு.

— ஒருத்தன் வருவான். தலையில சாயம் அடிச்சுக்கிட்டு.

— பேரு?

— வாசல்லயே நின்னு கூப்பிட்டுட்டுப் போறவன் பேரு எனக்கென்ன தெரியும்?

— இந்தா பாரு, இவளுக்கே தெரியலையாம். என்னை விளங்காதவன்னு சொல்ல வந்துட்டா.

— அது மெக்கானிக் அண்ணன்மா. அவரு பாவம். சாவி இல்லாம வண்டி எடுக்கச் சொல்லிக் குடுத்தது சுருட்டைன்னு இன்னொருத்தன்.

— பாப்பா, பெரியவங்க பேசும்போது குறுக்க வராத. போய் அலமாரியத் தொட.

— ரெண்டு தடவ தொடச்சிட்டேன்.

— இரு, அவளக் கேப்போம். அண்ணன் ஸ்கூலுக்கு ஒழுங்காப் போனானாடா?

— அரைப்பரீட்சைக்கு அப்புறம் போகலப்பா. ஸ்கூல்லேருந்து ரெண்டு லெட்டர் வந்துச்சு. நீங்கதான் பிரிக்காமலே டிவி மேல வச்சீங்க.

— நல்லாக் கேளுங்க. லட்சணம் எப்படி இருக்குன்னு.

— நீ பிரிச்சிருக்க வேண்டியதுதானே? கை என்ன வெந்தா போச்சு? அடிச்சு வளக்கணும்னு அன்னைக்கே சொன்னேன். நடுவுல வந்து வந்து விழுந்த.

— அடிக்காமயா விட்டீங்க? பெல்ட்டு அடிக்குப் பயந்துதான் புள்ள வீடு தங்காம தெருவச் சுத்துனான். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்க நிக்கிறோம், இப்பவும் உங்களுக்கு அடிதான் ஞாபகம்.

— செல்லம் குடுத்துக் கெடுத்தது நீ.

— முகம் குடுத்துப் பேசாம கெடுத்தது நீங்க.

— இதையெல்லாம் ஆபீசர்கிட்ட சொல்லிடாத. வீட்டுல சண்டையே கெடையாது, அவ்வளவுதான். எனக்கு அவமானமா இருக்குடி. டிப்போவுல ஒருத்தன் மொகத்தப் பாக்க முடியல. எப்படியாவது அவன் வீடு வந்து சேந்தாப் போதும்.

— எனக்கு மட்டும் இல்லையா? சோறு எறங்கி பத்து நாளாச்சு. சரி, மணி மூணே முக்கால். சட்டைய மாத்துங்க. பாப்பா, காலைல அவரு ஃபோன் பண்ணப்ப நீதானே எடுத்த? வேற என்னென்ன கேப்பாராம்?

— அண்ணனப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டாரும்மா.

— பின்ன எதுக்கு வர்றாராம்?

— அப்பவே சொல்ல வந்தேன், நீங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. சார் அண்ணன்கிட்ட ஃபோனைக் குடுத்தாரு. இனிமே அந்த வீட்டுக்கு வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்னான்.

— என்னடா சொல்ற?

— ஆமாப்பா. சார் வர்றது என்னைய இங்கேருந்து வேற ஒரு இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு பாக்கத்தான். அண்ணன்தான் அவரை அனுப்பி வைக்கிறான்.