கிளி சொன்ன இடது

அப்பா: …கண்ணை மூடிக்கிட்டு முடிச்சேன்டா மச்சான்! இருட்டுக் குகை மொத்தமும்! ஒரு கையில டீ டம்ளர். ஒரு சொட்டு சிந்தலை.

மாமா: அப்ப கேமை எதால ஆடினீங்க, அத்தான்? காலாலயா?

அப்பா: இன்னொரு கை என்ன கோயில் மணி அடிக்கவா இருக்கு? காலைத் தூக்கி மேஜை மேல போட்டிருந்தேன். குகை வாசல்ல இருக்கிற கல் பூதம் என்னைப் பார்த்துட்டு மரியாதையா எழுந்து நின்னுச்சு.

மகள்: அப்பா, நான் நாள் பூரா கண் பரிசோதனை பண்றவ. ஒரு சின்ன சந்தேகம்… கண்ணை மூடிக்கிட்டு இருந்தா, பூதம் எழுந்து நின்னது எப்படித் தெரிஞ்சுது?

அப்பா: கல்லு எழுந்தா சத்தம் கேக்காதா?

மாமா: காலம் பூரா லிப்டுக்குள்ள நின்னு பட்டன் அமுக்கிட்டு ரிட்டயர் ஆன மனுஷன். மேல, கீழ தவிர வேற திசையே தெரியாது. இவர் குகைக்குள்ள வழி கண்டுபிடிச்சாராம்.

அப்பா: அதுக்குத்தானேடா உங்க அக்கா இருந்தா. மேல கீழ எனக்கு, இடது வலது அவளுக்கு. கல்யாணத்தன்னிக்கே பிரிச்சுக்கிட்டோம்.

மாமா: …சரி, சரி. கண்ணு, அந்தச் சின்ன பெல்ட்டை எடு. இடது தட்டுல இருக்கும். இந்த வாஷிங் மெஷின்காரம்மா இப்ப கடைக்கு வந்து நிப்பாங்க.

மகள்: இடது தட்டுல சோப்புப் பொடிதான் இருக்கு, மாமா.

மாமா: அப்ப அந்தத் தட்டு.

மகள்: இந்தாங்க. இதோட மெஷினை விட்டுட்டு என்னைப் பாருங்க. 'தொலைதீவு' கேமோட அடுத்த பாகம் எப்படி மாறணும்னு ரசிகர்களைக் கேட்டிருக்காங்க. இன்னிக்கு சாயங்காலம்தான் கடைசி. நம்ம மூணு பேருக்கும் ஒரே கணக்கு. அதனால மூணு பேரும் ஒத்துப்போனாத்தான் பதில் அனுப்ப முடியும்.

அப்பா: ஒத்துப்போறதா… இந்தக் குடும்பத்துலயா? பூதத்தையே கூப்பிடு, அது சுலபமா ஒத்துக்கும்.

மகள்: முதல் கேள்வி. படகுக்குக் காத்திருக்கிறதை எடுத்துடலாமா? நினைச்ச தீவுக்கு நினைச்ச மாத்திரத்துல போயிடலாம்.

மாமா: எடுத்துடு. துறையில நின்னு நின்னு என் மாலுமிக்கு நரையே வந்துடுச்சு.

அப்பா: அதுல கை வைக்காதே! விளையாட்டே அங்கதான் இருக்கு. படகு வர்ற வரைக்கும் மனுஷன் என்ன பண்ணுவான்? பேசுவான். உங்கம்மா என்கிட்ட நல்லபடியா பேசினதே அந்தத் துறையில நின்னப்பதான். மத்த நேரமெல்லாம் திட்டு.

மகள்: துறையில நின்னது மாலுமி. நீங்க ரெண்டு பேரும் சோபாவுல உக்காந்திருந்தீங்க.

அப்பா: கடல் காத்து அடிச்சுதே!

மாமா: அது டேபிள் ஃபேன், அத்தான். நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தது.

அப்பா: உப்பு வாசனை?

மாமா: நீங்க தின்ன கடலை.

அப்பா: பாரு, இவன் இப்படித்தான். நிலாவைக் காட்டினா பல்பு எத்தனை வாட்னு கேப்பான்.

மகள்: காத்திருக்கிறது இருக்கட்டும். வேண்டாங்கிறவங்க தாண்டிப் போகட்டும். ரெண்டு பேருக்கும் சரியா?

மாமா: ம்.

அப்பா: தாண்டிப் போறவங்களுக்கு வயித்து வலி வரணும். அதையும் சேத்து எழுது.

மகள்: ரெண்டாவது. கடலைத் திறந்து விட்டுடலாமா? இப்பல்லாம் கொஞ்ச தூரம் போனதும், 'இதுக்கு மேல கடல் இல்லை'ன்னு மூடுபனி வந்து திருப்பி அனுப்பிடுது. எனக்கு இது மாறணும். பத்து பாகமா அதே தீவைச் சுத்தியாச்சு. மாலுமி ஒரு தடவையாவது நிஜமாத் தொலையணும்ப்பா. தொலையவே முடியலைன்னா தேடுறதுல என்ன இருக்கு?

அப்பா: யம்மாடி. இது எந்தப் பட்டிமன்றத்துல பேசினது?

மாமா: நல்லாத்தான் சொல்றா. போடு, போடு.

அப்பா: நான் ஒரு தடவை அந்த மூடுபனியைத் தாண்டியே போயிருக்கேன். அந்தப் பக்கம் விளையாட்டு செஞ்சவங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. 'வாங்க சார்'னாங்க.

மாமா: உக்காரச் சொல்லலையா?

அப்பா: சொன்னாங்க. உங்க அக்கா தேடுவான்னு வந்துட்டேன்.

மகள்: …அடுத்தது. மூணாவது கேள்வி, கிளி.

அப்பா: கிளிக்கென்ன இப்ப?

மகள்: நாலாம் பாகத்துல வந்த கிளி. பழைய கேம் பெட்டியில அவங்கவங்க பழக்கி வச்ச கிளியை இப்ப அனுப்பினா, அடுத்த பாகத்துல அதே கிளி வருமாம். அனுப்பாதவங்களுக்குப் புதுக் கிளி. நிறைய பேர் பழசே வேண்டாம், ஒரே கழுத்தறுப்புன்னு திட்டி வச்சிருக்காங்க.

மாமா: புதுசு. போட்டுடு. அடுத்த கேள்வி?

அப்பா: டேய்!

மகள்: இருங்க, மாமா. எனக்கு அந்தக் கிளியே தெரியாது. அந்தப் பாகம் வந்தப்ப நான் ஹாஸ்டல்ல இருந்தேன். அது என்ன பண்ணும்?

அப்பா: என்ன பண்ணுமா! எனக்கு ஜுரம்னா நெத்தியைத் தொட்டுப் பாக்கும். வாசல்ல யார் வந்தாலும் முதல்ல அதுதான் பதில் சொல்லும்…

மாமா: நான் சொல்றேன், கண்ணு. இருட்டுக் குகைக்குள்ள ஒண்ணுமே தெரியாது. ஒருத்தர் விளையாடணும், பக்கத்துல இன்னொருத்தர் வரைபடத்தை வச்சுக்கிட்டு மைக்ல வழி சொல்லணும். அவங்க சொன்னதைக் கிளி பிடிச்சு வச்சுக்கும். அடுத்த தடவை நீ தனியாப் போனா, அதே வழியைக் கிளி சொல்லும். அவ்வளவுதான்.

அப்பா: யார் குரல்லடா சொல்லும்?

மாமா: …கிளி குரல்ல.

அப்பா: வழி சொன்னவங்க குரல்ல! உங்கம்மா குரல்லம்மா!

மகள்: …அம்மா குரலா?

அப்பா: அவளேதான். பக்கத்துல உக்காந்து வரைபடம் பாத்தது வேற யாரு? நான் விளையாட, அவ வழி சொல்ல.

மகள்: என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?

அப்பா: சொன்னேனே. அவ போன கொஞ்ச நாள்ல போன்ல சொன்னேன். 'பூதம் எழுந்து நின்ன கதை மாதிரி இது ஒண்ணா'ன்னு கேட்டுட்டு வச்சுட்டே.

மகள்: …நீங்க எல்லாத்தையும் ஒரே மாதிரி சொன்னா நான் எதைப்பா நம்புறது?

அப்பா: அதுவும் நியாயம்தான்.

மாமா: அத்தான், விடுங்க. இத்தனை வருஷம் ஒரு பெட்டிக்குள்ள குரல் இருக்குமா?

அப்பா: இருக்கு! அதுவும் தப்புத் தப்பா வழி சொல்லிக்கிட்டு. அவ இடதுன்னா வலதுன்னு அர்த்தம், தெரியுமில்ல?

மகள்: தெரியாம என்ன! அம்மா வலது கையிலதான் வாட்ச் கட்டுவா. வாட்ச் கட்டுற கை இடதுன்னு சின்ன வயசுல யாரோ சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டா. அவளை ஏத்திக்கிட்டுப் போன டாக்ஸி ஒண்ணாவது ஒழுங்கா வீடு வந்து சேந்திருக்கா?

அப்பா: ஒரு தடவை தெருவுக்குப் பதிலா வேற ஊருக்கே போயிட்டோம்.

மகள்: அப்பா.

அப்பா: சரி, வேற தெரு. அதனாலதாம்மா சொல்றேன், அந்தக் கிளி உலகத்துல வேற எவனுக்கும் உதவாது. 'இடது'ங்கும். நான் வலதை அமுக்குவேன். சரியாப் போயிடுவேன். அப்புறம், 'பாத்தீங்களா, நான் சொன்னேன்ல'ன்னு பெருமை வேற பட்டுக்கும்.

மகள்: அப்படியேவா… 'நான் சொன்னேன்ல'ன்னு?

அப்பா: அப்படியே.

மகள்: அந்தப் பெட்டி எங்கப்பா இப்ப?

அப்பா: இதோ நிக்கிறானே, உன் மாமன்கிட்டதான். மழைக்கு முன்னாடி ரிப்பேருக்குக் குடுத்தேன். மழை வந்து, பெஞ்சு, போயும் போச்சு.

மாமா: பார்ட் வரணும், அத்தான். பழைய பெட்டி. இப்பல்லாம் யார் செய்யறா? ஆன் பண்ணினா ஒரு விளக்குகூட எரியல. உயிரே இல்ல.

அப்பா: வாஷிங் மெஷின் எதுவா இருந்தாலும் மறுநாளே சுத்த வச்சுடறே. என் பெட்டி மட்டும்…

மாமா: அது வேற, இது வேற.

மகள்: மாமா, நான் நேராவே கேக்கறேன். அப்பா சொல்றதுல முக்காவாசி புளுகு…

அப்பா: பாதிதான்.

மகள்: …ஆனா நீங்க பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. மெஷினை மூடினப்புறம் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிட்டாக்கூட, 'இது எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியலம்மா'ன்னு அவங்க கையிலயே குடுத்துடுவீங்க. நீங்க சொல்லுங்க, நான் அதையே எடுத்துக்கறேன். அந்தப் பெட்டியில அம்மா குரல் இருக்கா?

அப்பா: சொல்லுடா.

மாமா: இல்ல, கண்ணு. அத்தான் ஆசையில… ஆசை இருந்தா எதுலயும் அந்தக் குரல் கேக்கும். மிக்ஸியிலகூட.

மகள்: …சரி.

அப்பா: டேய் மச்சான்…

மகள்: விடுங்கப்பா. எனக்கும் ஆசைதான். என்கிட்ட அம்மா குரல்னு ஒண்ணுமே இல்ல. பழைய போன் தண்ணியில விழுந்தப்ப, அதுல பேசி அனுப்பினதெல்லாம் போச்சு. போனா என்ன, மனசுல இருக்கேன்னு நினைச்சேன். இப்பல்லாம் கனவுல வந்து பேசுறா… பேசுறது என் குரல்ல. அம்மா மாதிரி யாரோ உக்காந்திருக்காங்க, நான் பேசிக்கிட்டிருக்கேன். அவ்வளவுதான் மிச்சம். சரி, புதுக் கிளின்னே போட்டுடறேன்.

அப்பா: இரும்மா, இரு, இரு! விரலை எடு போன்லேர்ந்து. நான் சொல்லிக் காட்டறேன், உனக்கே தெரியும். குகைக்குள்ள போனதும் முதல் முக்கு. 'இடதுங்க.' நிறுத்தி நிதானமா. ரெண்டாவது முக்கு. 'இடது, இடது… ஐயோ, அந்தக் கை இல்லங்க, வாட்ச் கை, வாட்ச் கை!' மூணாவது முக்குல லேசா ஒரு இருமல்…

மாமா: மூணாவதுல இருமல் இல்ல, அத்தான். சிரிப்பு. இருமல் மரப்பாலம் தாண்டினப்புறம்.

மகள்: …மாமா?

மாமா: என்ன?

மகள்: என்ன சொன்னீங்க இப்ப?

மாமா: அத்தான்தான் முன்னாடி எப்பவோ சொன்னார்.

அப்பா: நான் எப்பவும் இருமல்னுதான்டா சொல்லுவேன். அங்க ஒரு பாலம் இருக்கிறதே இப்ப நீ சொல்லித்தான் ஞாபகம் வருது.

மகள்: பெட்டி எது, மாமா? அந்தத் துணி போட்டு மூடியிருக்கே, அதா?

மாமா: அதைத் தொடாதே கண்ணு, தூசி… உனக்குத் தும்மல் வரும்…

மகள்: சூடா இருக்கு.

மாமா: வெயில் படற இடம்.

மகள்: இந்த மூலையில ஜன்னலே இல்ல, மாமா.

அப்பா: உயிரே இல்லேன்னியேடா. ஜுரமே அடிக்குது அதுக்கு!

மாமா: …குடுத்த வாரமே சரியாயிடுச்சு, அத்தான். ஒரு ஒயர் விட்டிருந்தது. ஓடுதான்னு பாக்கத்தான் போட்டேன். கிளி வாயைத் திறந்துச்சு… கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ போட்டுட்டேன். அப்புறம் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை. ஷட்டரை இறக்கினப்புறம் ஒரு தடவை. இன்னிக்கு நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிகூட. நாளைக்குக் குடுத்துடலாம், நாளைக்குக் குடுத்துடலாம்னுதான்… உங்களுக்கு வீடு பூரா அவ இருக்கா, அத்தான். அவ மடிச்ச துணி இருக்கு, அவ உக்காந்த நாற்காலி இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு? இந்தக் கடையில அவ வந்து நின்ன இடம் ஒண்ணு. அங்கயும் இப்ப மெஷின் நிக்குது.

மகள்: அதுக்காக என்கிட்டயே இல்லேன்னு சொல்லிட்டீங்களே, மாமா.

மாமா: சொல்லிட்டேன். இருக்குன்னா இப்பவே தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு… வாய் முந்திக்கிச்சு. நீ அந்தக் கனவைச் சொன்னப்ப நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அப்பா: விடும்மா. பாவம், புளுகுறதுக்குப் புதுசு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னும் நல்லா சொல்லிக் குடுத்திருப்பேன். பெட்டியை எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? பெரிய எலி. மீசை வச்ச எலி.

மகள்: அப்பா, நீங்க அழறீங்க.

அப்பா: நானா? சோப்புப் பொடி கண்ணுல விழுந்துடுச்சு. எந்தத் தட்டுல இருக்கு அது? இடதா, வலதா?

மகள்: சரி… கிளியை அனுப்பிடறேன். அதே கிளி. அடுத்த பாகத்துல நம்ம மூணு பேர் வீட்டுலயும் இருக்கும். யாரும் யார்கிட்டயும் ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல. மாமா, ஒயரைக் குடுங்க.

மாமா: இந்தா.

அப்பா: அனுப்பும்மா. பத்திரம்னு எழுது. வயசான கிளி, ஆட்டாம அசைக்காம கொண்டுபோகணும்னு எழுது.

மகள்: அப்பா, இப்ப உண்மையைச் சொல்லுங்க. நிஜமாவே கண்ணை மூடிக்கிட்டா குகையைக் கடந்தீங்க?

அப்பா: டீ டம்ளர் புளுகு. பூதம் புளுகு. கண்ணை மூடினது நிஜம்மா. அவ போனப்புறம் கிளியோட தனியாப் போனப்ப, முதல்ல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் போனேன். முட்டி முட்டி மாலுமிக்கு மூக்கே தட்டையாயிடுச்சு. அவ 'இடது'ங்கிறா, என் கை இடதுக்கே போகுது. ஒருநாள் அலுத்துப்போய்க் கண்ணை மூடினேன். அவ பக்கத்துல உக்காந்திருந்தா. வாட்ச் கட்டின கையை நீட்டி, அந்தப் பக்கம்னு காட்டினா. அதுக்கப்புறம் முட்டவே இல்ல.

மகள்: …கிளி போயிடுச்சுப்பா. 'வந்து சேந்தது'ன்னு காட்டுது.

அப்பா: இவன்தான் நம்ப மாட்டான். கண்ணை மூடிக்கிட்டு எவனாவது குகையைக் கடப்பானான்னு ஊர் பூரா என்னைக் கேலி பண்ணினவன். டேய் மச்சான், இவ முன்னாடியே கேக்கறேன். இத்தனை தடவை போனியே, எத்தனை சுவத்துல முட்டிக்கிட்டே?

மாமா: நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் போனேன், அத்தான். ஒண்ணுலகூட முட்டலை… எனக்கு இடது எது, வலது எதுன்னு கையைப் பிடிச்சு சொல்லிக் குடுத்ததே அவதானே.